பெயர் மாற்றப்பட்டுள்ளது

1

போன வாரம் எனக்கு நூற்றுக்கு நூறு கிடைத்தது. மெல்போர்னில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் ஆண்டுக்கொரு முறை எல்லோரும் கணினியில் ஒரு தேர்வு எழுத வேண்டும். நோயாளிகளைப் பற்றிய ரகசியத்தை எப்படிக் காப்பது என்பதுதான் பாடம். நான் கோப்புப் பிரிவில் இருக்கிறேன். பதினாறு வருடமாக அடுத்தவர்களின் வியாதிகளை அடுக்கி வைப்பதுதான் என் பிழைப்பு. இங்கே ஒரு கோப்பைத் தேவையில்லாமல் திறந்தால், யார் திறந்தார், எத்தனை மணிக்குத் திறந்தார் என்று பதிவாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரரின் கோப்பை ஆசைக்குத் திறந்து பார்த்த ஒருத்தியை அன்று மாலையே கைப்பையோடு வெளியே அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

தேர்வில் ஏழாவது கேள்வி இது: நோயாளியின் பெயரைச் சொல்லாமல், வயது, வேலை, ஊர் மூன்றையும் ஒரு நண்பரிடம் சொல்வது சரியா? சரியில்லை என்ற கட்டத்தை அழுத்தினேன். பச்சை நிறத்தில் ஒரு பாராட்டு வந்தது. கணினியை மூடிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். இந்தக் கேள்விக்கு விடை எனக்கு எல்லா வருடமும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்பும் தெரிந்துதான் இருந்தது.

இதைப் படிக்கும் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் வரும் பெண்ணைத் தங்கச்சி என்று மட்டும் எழுதப் போகிறேன். ஊர், வேலை, உறவு இவற்றில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எதை மாற்றினேன் என்று தேடாதீர்கள். தேடுவீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். எழுதி முடித்ததும் முழுதாக அவளுக்கு அனுப்பினேன். இரண்டு பத்திகளை அடித்துவிட்டாள். அவை இதில் இல்லை.

2

தங்கச்சி என் சித்தியின் மகள். நான் கல்யாணமாகி ஆஸ்திரேலியாவுக்கு வந்தபோது ஆவுடையார்கோவிலில் ஒன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு ஓட்டுகிறார். தங்கச்சி அறந்தாங்கியில் பி.காம் முடித்துவிட்டு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதப் போனாள். அந்தக் கம்பெனியை நடத்தியவன் முதலாளியின் மச்சான். அவன் என்ன செய்தான் என்பதை எழுத மாட்டேன். அவள் அதைக் காவல் நிலையத்தில் ஒருமுறை, மருத்துவமனையில் ஒருமுறை, நீதிபதி முன்னால் ஒருமுறை சொல்லிவிட்டாள். நான்காவது முறையாக உங்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

புகார் கொடுக்க அவள் தனியாகத்தான் போனாள். வீட்டில் யாரும் கூடப் போகவில்லை. அதற்கு முந்தின வருடம் சித்தப்பாவின் படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனபோது, வக்கீல் வைத்து, அலைந்து திரிந்து ஆட்களை மீட்டவர் அந்த ஐஸ் கம்பெனி முதலாளி.

சித்தப்பா என்னிடம் போனில் சொன்னார்: "அந்த மனுசன் இல்லேன்னா நான் இன்னும் யாழ்ப்பாணத்து ஜெயில்லதான் கெடப்பேன். அவுக மச்சான் மேல எப்படித்தா கேஸ் குடுக்குறது? நீ படிச்சவ, நீ சொல்லு."

அவர் மேல் அப்போது வந்த கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை. ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை.

புகாருக்குப் பிறகு அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஐஸ் லாரி தெருவுக்குள் திரும்பும் சத்தம் கேட்டால் எழுந்து பின்னால் போய்விடுகிறாள் என்று சித்தி சொன்னார். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாளாம்.

"ஏ ஆத்தா, பேயிகீயி புடிச்சிருச்சோன்னு இருக்கு. மந்திரிக்கக் கூட்டிப் போவமான்னு ஒங்க சித்தப்பா கேக்குறாக" என்றார் சித்தி.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். தங்கச்சியிடமே பேசினேன். "புதுக்கோட்டையில நம்ம சென்டர் ஒண்ணு இருக்கு. ஜெயசீலின்னு ஒரு மேடம் இருக்காங்க. அவுங்ககிட்ட போய்ப் பேசு. நீ வந்தது யாருக்கும் தெரியாது. நான் பொறுப்பு."

"நம்ம சென்டருன்னா?"

"நாங்கதான் இங்கருந்து பணம் அனுப்புறோம்."

இதையெல்லாம் நான் பெருமையாகச் சொன்னேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

3

வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்களைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். வாரம் முழுக்க ஒரு வெள்ளைக்கார மேலாளரிடம் தலையாட்டிவிட்டு, சனிக்கிழமை நான்கு மணி நேரம் பொதுச்செயலாளராக இருக்க ஆசைப்படுகிறவர்களின் கூட்டம் அது. நானும் அதில் ஒருத்தி. எங்கள் சங்கத்தில் ஊர்ப்பணிக் குழு என்று ஒன்று இருந்தது. நான்தான் அதன் செயலாளர். புதுக்கோட்டையில் ஓர் அறக்கட்டளை, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மனநல ஆலோசனை தருவதற்கு ஒரு மையம் வைத்திருந்தது. அறக்கட்டளையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மையத்தின் வாடகையும் ஆலோசகர் ஜெயசீலியின் சம்பளமும் எங்கள் சங்கத்திலிருந்து போயின.

இந்த வேலைக்குப் பணம் கேட்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை என்றால் உடனே தருவார்கள், சுவரில் பெயர் எழுதலாம். கண் சிகிச்சை முகாம் என்றால் தருவார்கள், கறுப்புக் கண்ணாடி போட்ட வரிசையைப் படம் எடுக்கலாம். ஓர் அறையில் இரண்டு பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதற்குப் பணம் கேட்டால், "பேசுறதுக்கா?" என்பார்கள். "எத்தனை பேர் குணமானாங்க?" என்பார்கள். ஒருவர் என்னிடம், "அந்தப் பொண்ணுங்க என்ன சொல்றாங்கன்னு நமக்குத் தெரியவே தெரியாதா?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

இரண்டாம் ஆண்டுப் பணம் சேரவில்லை. தலைவர் என்னைக் கூப்பிட்டு, நம் ஆட்களுக்கு மனிதர்களைக் காட்ட வேண்டும் என்றார். நான் அறக்கட்டளைக்கு மின்னஞ்சல் எழுதினேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்படியே தருகிறேன்:

"நன்கொடையாளர்கள் வெறும் கணக்கைப் பார்க்க விரும்புவதில்லை. குறைந்தது ஒரு பெண்ணின் வெற்றிக் கதையையாவது அனுப்பி உதவவும். பெயரை மாற்றிக்கொள்ளலாம். முகம் தெரியாமல் ஒரு படம் இருந்தால் மிக நன்று."

எழுதியவள் ஒரு மருத்துவமனையின் கோப்புப் பிரிவில் ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கு நூறு வாங்குகிறவள்.

4

பொங்கல் விழா ஜனவரியில், இங்கே நல்ல வெயில் காலத்தில் வரும். ஒரு பள்ளியின் உள்விளையாட்டு அரங்கை வாடகைக்கு எடுப்போம். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே கரும்பு கட்டியிருக்கும். தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும் என்பதால் பானையை வெளியே கார் நிறுத்துமிடத்தில் வைத்துப் பொங்க விட்டு, பொங்கியதை உள்ளே தூக்கி வருவோம்.

ஊர்ப்பணிப் படங்களைத் திரையில் போட்டு வாசிக்கும் பொறுப்பை என் மகள் மதுவிடம் கொடுத்திருந்தார்கள். பதினேழு வயது. தமிழ் வாசிப்பாள், ஆனால் கல்லில் வண்டி போவது போல வாசிப்பாள். அறக்கட்டளை அனுப்பியதை நான் முன்னதாகப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். சாம்பார் வாளிகளுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தேன்.

திரையில் ஒரு பெண்ணின் முதுகு வந்தது. பின்னல். பிளாஸ்டிக் நாற்காலி. மது வாசித்தாள்: "மலர். பெயர் மாட்டப்பட்டுள்ளது."

மாற்றப்பட்டுள்ளது என்பதைத்தான் அப்படி வாசித்தாள். அரங்கம் சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார். அவளும் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள். இருபத்தேழு வயது. கடலோர ஊர். விசைப்படகுத் தொழிலாளியின் மகள். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதியவர். நவம்பர் மாதம் ஒரு கொடுமைக்கு ஆளானார். இப்போது, "நான் நன்றாகத் தூங்குகிறேன், மறுபடி சிரிக்கிறேன், உங்களுக்கு நன்றி" என்கிறார்.

அதுவரை எனக்குச் சந்தேகம்தான். அப்புறம் நாற்காலியின் முதுகில் தொங்கிய பையைப் பார்த்தேன். எங்கள் பகுதி நூலகம் இலவசமாகத் தரும் பச்சைத் துணிப்பை. புத்தகம் படிக்கும் கங்காரு போட்டிருக்கும். புதுக்கோட்டை மாவட்டத்தில் அப்படி ஒரு பைதான் இருக்க முடியும். நான்தான் தங்கச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சாம்பார் வாளியைக் கீழே வைத்தேன். சுற்றி எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கைதட்டலைப் போல அசிங்கமான சத்தத்தை நான் கேட்டதில்லை. அன்று வரவேண்டிய பணம் முழுவதும் வந்துவிட்டது என்று பொருளாளர் ஓடிவந்து சொன்னார்.

5

விழா முடிவதற்குள் அந்தப் படம் வாசகத்தோடு சங்கத்தின் முகநூல் பக்கத்தில் ஏறிவிட்டது. நான் போன் மேல் போன் போட்டு நீக்கச் சொன்னபோது, பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கை கழுவி வருவதற்குள் குவைத்தில் இருக்கும் ஓர் அறந்தாங்கிக்காரர் அதை எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. "நம்ம ஏரியா பொண்ணுக்கு ஆஸ்திரேலியா தமிழர்கள் உதவி" என்று பெருமையாக எழுதியிருந்தார். ஜெகதாப்பட்டினத்தில் எத்தனை ஐஸ் கம்பெனி, அதில் எத்தனை பெண் கணக்கர்கள்? மறுநாள் காலை சித்தி மீன் வாங்கப் போன இடத்தில் ஒருத்தி, "ஒங்க மக இப்ப நல்லாத் தூங்குதாமே" என்று கேட்டிருக்கிறாள்.

தங்கச்சிக்கு நான் ஏழு முறை அழைத்தேன். எட்டாவது முறை எடுத்தாள்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லக்கா" என்றாள். வேறு எதையும் கேட்கவில்லை. அழவும் இல்லை. "தூங்குறேன்னு நான் யார்ட்டயும் சொல்லல. நான் தூங்குறதே இல்ல."

"படம் எப்ப எடுத்தாங்க?"

"தெரியாதுக்கா. நான் அங்கிட்டுத் திரும்பி உக்காந்திருக்கேன்ல."

கையெழுத்துப் போட்டிருக்கிறாளே என்று அறக்கட்டளைச் செயலர் என்னிடம் வாதாடினார். விசாரித்தேன். முதல் நாள் போனபோது பஸ் காசு கொடுத்திருக்கிறார்கள். அதை வாங்கியதற்கு ஒரு தாளில் கையெழுத்து. அதே தாளின் கீழ்ப் பாதியில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், தன் அனுபவத்தையும் படத்தையும் பயன்படுத்த அனுமதிப்பதாக நான்கு வரி. ஜெகதாப்பட்டினத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் போய்வர ஆகும் பஸ் காசுக்கு ஒருத்தியின் வாயையும் முதுகையும் வாங்கிக்கொண்டார்கள். பாதிக்கப்பட்ட பெண்ணை அடையாளம் காட்டுவது சட்டப்படி குற்றம் என்று அவருக்குச் சொன்னேன். "மேடம், நீங்க கேட்டுத்தான் அனுப்புனோம்" என்றார்.

ஏழு மாதம் கழித்துக் குறுக்கு விசாரணை வந்தது. கதவைச் சாத்தித்தான் நடந்தது. ஆனால் எதிர்தரப்பு வக்கீலின் கையில் அந்த வெற்றிக் கதையை அச்சடித்த தாள் இருந்தது. நடந்தது அக்டோபரில் என்று புகாரில் இருக்கிறது, இதில் நவம்பர் என்கிறாய், எது பொய்? தினம் செத்துப் பிழைக்கிறேன் என்று இங்கே சொல்கிறாய், வெளிநாட்டுக்காரர்களிடம் நன்றாகத் தூங்குகிறேன், சிரிக்கிறேன் என்கிறாய், எதை நம்புவது? அரசுத் தரப்பு எழுந்து மறுத்தது. அந்தத் தாளை நீதிபதி ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விகள் அவள் காதில் விழுந்துவிட்டனவே. அதை எந்த நீதிபதியால் நீக்க முடியும்?

யாரோ ஒரு குமாஸ்தா அக்டோபரை நவம்பர் என்று தட்டிவிட்டான். அவள் தூங்குவதாக யாரோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினான். எனக்கு வேண்டுமென்று கேட்டேனே, அந்த வெற்றிக்காக.

6

சங்கத்தில் அவசரக் கூட்டம் கூட்டினேன். ஒரு வீட்டு வரவேற்பறையில் ஒன்பது பேர். மிக்சரும் டீயும். நடந்ததைச் சொன்னேன், என் மின்னஞ்சலையும் வாசித்தேன்.

தலைவர் நிதானமான மனிதர். "பேரை மாத்திட்டாங்க. முகமும் தெரியல. நீங்க சொல்லலேன்னா எங்களுக்கு அது உங்க சொந்தம்னே தெரிஞ்சிருக்காது" என்றார்.

"ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்சிருச்சே."

"அது வாட்ஸ்அப்ல போட்டவர் பண்ணின தப்பு."

"அவர் எதை எடுத்துப் போட்டார்? நாம போட்டதைத்தான."

"சரி, நீங்களே சொல்லுங்க. ஒண்ணுமே காட்டக் கூடாதுன்னா நாம எதை வச்சுக் காசு கேட்கிறது?"

"ஒண்ணையும் காட்டாம கேளுங்க. கேக்க முடியலேன்னா மூடிட்டுப் போங்க."

இதைச் சொன்னபோது என் குரல் தெருவரை கேட்டிருக்கும். நான் கோபமாகப் பேசுவது இந்த ஊரில் யாருக்கும் பழக்கமில்லை. ஒரு பெண்மணி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

அவர்கள் மூடிவிட்டார்கள். அடுத்த மாதமே. இந்தத் திட்டத்தில் சட்டச் சிக்கல் வரலாம் என்பதால் நிதி நிறுத்தப்படுகிறது என்று ஒரு தீர்மானம். அந்தப் பணத்தில் ஓர் அரசுப் பள்ளிக்குத் திரையும் கணினியும் வாங்கிக் கொடுத்து, ரிப்பன் வெட்டிய படத்தைப் பெரிதாகப் போட்டார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை தங்கச்சிக்குப் போகவில்லை. நானும் குழுவிலிருந்து விலகினேன். அதில் வீரம் எதுவும் இல்லை, என்னை யாரும் இருக்கச் சொல்லவில்லை.

ஜெயசீலியைக் கூப்பிட்டேன். அவரோடு அதுதான் நான் முதல்முறை பேசியது. இரண்டு வருடம் சம்பளம் அனுப்பிய நாங்கள், அவருக்கு ஒருமுறைகூட போன் பண்ணியதில்லை.

"என்கிட்ட கதை எழுதித் தரச் சொன்னாங்க மேடம். முடியாதுன்னுட்டேன்" என்றார். "செயலர் நான் லீவுல இருந்தப்ப ரிஜிஸ்டரை எடுத்து எழுதிக்கிட்டார். ரிஜிஸ்டர்ல வயசு, ஊர், வேலை, அப்பா தொழில், நடந்த மாசம் மட்டும்தான் இருக்கும். மிச்சமெல்லாம் அவங்களா எழுதுனது. பேசினதையெல்லாம் ஒவ்வொருத்தருக்கும் தனி நோட்டுல வச்சிருக்கேன், அது என் வீட்டுல இருக்கு."

"சென்டரை மூடினதுக்கு நான்தான் காரணம். நான் போட்ட சண்டைதான்."

"பதினோரு பேர் வந்துக்கிட்டிருந்தாங்க" என்றார். "அதுல ஒரு அம்மா ஏழு தடவை வந்தும் வாயத் தெறக்கல. எட்டாவது தடவைதான் பேச ஆரம்பிச்சாங்க. அதுக்கு அடுத்த வாரம் பூட்டியாச்சு."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருக்கலாம். நான் நியாயத்துக்காகப் போட்ட சண்டையில் தங்கச்சியைத் தவிர இன்னும் பத்துப் பெண்கள் நடுவழியில் இறக்கிவிடப்பட்டார்கள். காசு கொடுப்பவன் கதை கேட்பான், கதை இல்லையென்றால் காசை நிறுத்துவான். இதுதான் அந்தத் தர்மத்தின் முழு வடிவம். அதை நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன்.

7

மதுவிடம் அந்தப் படத்தில் இருந்தது யார் என்று அன்றிரவே சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துச் சொன்னேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

"நான் சிரிச்சேனே" என்றாள்.

"அது உன் சித்தின்னு உனக்கு அடையாளம் தெரியலையா?"

"எனக்கு அவங்கள தெரியவே தெரியாதும்மா. ரெண்டு வாட்டிதான் பாத்திருக்கேன். அவங்க போன்ல வந்தா நீ ரூமுக்குள்ள போய் கதவைச் சாத்திக்குவ."

உண்மைதான். பிள்ளைகள் ஊரை மறந்துவிட்டார்கள் என்று நாங்கள் இங்கே மேடைதோறும் புலம்புகிறோம். எதைத் தெரிந்துகொள்ள விட்டோம்? பொங்கலையும் பட்டுப்பாவாடையையும் கொடுத்தோம். ஊரில் ஒரு பெண்ணுக்கு நடந்ததை மறைத்துவிட்டு, அவளுடைய முதுகை வாசிக்கக் கொடுத்தோம்.

அவள் இன்னொன்றையும் கேட்டாள். மது ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பள்ளி ஆலோசகரிடம் சில மாதம் போய்க்கொண்டிருந்தாள். என்ன பேசுகிறாள் என்று கேட்டு நான் பள்ளிக்குப் போனேன். அந்த ஆலோசகர் சின்னப் பெண். அவள் உயிருக்கு ஆபத்து என்றால் கட்டாயம் சொல்வேன், மற்றதை மது விரும்பினால் மதுவே சொல்வாள் என்றாள். நான் பெற்றவள் என்று சொல்ல வந்து, ஆங்கிலம் தடுமாறி, நான் இவளுடைய உரிமையாளர் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பள்ளி முதல்வருக்குப் புகார் எழுதினேன். அதுவும் பலிக்கவில்லை.

"அன்னிக்கு அவங்க உன்கிட்ட சொல்லியிருந்தா, நான் திரும்பப் போயிருக்க மாட்டேன்" என்றாள் மது. "அது உனக்குத் தெரியுமாம்மா?"

தெரியாது என்றேன். எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். இதையும் அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

8

என்னோடு மருத்துவமனையில் வேலை பார்க்கும் மூன்று நர்சுகள், இரண்டு பேர் மலையாளிகள், ஒருத்தி நாகர்கோவில்காரி, நான்காவது ஆள் நான். எங்கள் சம்பளத்திலிருந்து ஜெயசீலிக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்தோம். தங்கச்சியிடம் சொன்னேன். அவள் அதற்குள் மறுபடி வீட்டுக்குள் அடைந்திருந்தாள். போகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை.

"யாரு காசு குடுத்தாலும் சரிக்கா. ஆனா யாரு வாரா, எத்தன பேரு வாரா, என்ன பேசுனாங்கன்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாது. ஒங்களால முடியுமா?"

"முடியும்."

"போன தடவையும் நீங்க பொறுப்புன்னு சொன்னீங்க."

அவள் அதை மெதுவாகத்தான் சொன்னாள். இரண்டு வருடத்தில் என்னைக் குற்றம் சொல்லி அவள் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

ஜெயசீலி அறந்தாங்கியில், தையல் கடை ஒன்றின் மாடியில் ஓர் அறை பிடித்தார். பெயர்ப் பலகை வைக்கவில்லை. பஸ் காசுக்குக் கையெழுத்து வாங்குவதில்லை, கையில் கொடுத்துவிடுகிறார். மாதம் ஒருமுறை அவரிடமிருந்து எங்களுக்கு, 'அறை திறந்திருக்கிறது' என்று ஒரு செய்தி வரும். அவ்வளவுதான். அந்த மூன்று நர்சுகளுக்கும் அது போதும். எனக்குத்தான் கை துறுதுறுக்கும். அவள் வருகிறாளா என்று மட்டும் கேட்கலாமே என்று இரண்டு முறை தட்டச்சு செய்துவிட்டு அழித்திருக்கிறேன்.

9

போன மாதம் சித்தப்பாவின் கண் அறுவை சிகிச்சைக்காக ஊருக்குப் போனேன். வழக்கு இன்னும் முடியவில்லை. அந்த ஆள் ஜாமீனில் வெளியே வந்து, கம்பெனி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த வழியாகப் போகும்போது ஆட்டோக்காரர் அவனுக்குக் கைகாட்டி வணக்கம் வைத்தார். தங்கச்சி என் பக்கத்தில் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயசீலியிடம் தன்னைப் பற்றி எழுதிய நோட்டைக் கேட்டு வாங்கப் போவதாகச் சொன்னாள். யாருடைய அலமாரியிலும் அது இருக்கக் கூடாது, கிழித்துப் போடப் போகிறேன் என்றாள். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தோம். ஜெயசீலி நான் நினைத்ததைவிடச் சின்ன வயதுக்காரர். எதுவும் கேட்காமல் அட்டை போட்ட ஒரு நீள நோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "இது ஒங்களுதுதான். நகல் எதுவும் இல்ல" என்றார்.

தங்கச்சி ஜன்னல் பக்கம் போய் நின்று படித்தாள். பத்து நிமிடம் இருக்கும். ஓரிடத்தில் நின்று என்னைப் பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள்.

"என்னைப் பத்தியா?" என்று கேட்டுவிட்டேன். "என்ன எழுதியிருக்கு?"

"அது நானும் மேடமும் பேசுனதுக்கா" என்றாள்.

நோட்டை மூடினாள். கிழிப்பாள் என்று பார்த்தேன். ஜெயசீலியிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்களே வச்சுக்குங்க. இன்னிக்கு ஒரு மணி நேரம் ஒங்களுக்கு டைம் இருக்குமா?"

"இருக்கு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க கீழ இருங்க. நான் வாரேன்."

இறங்கினேன். எனக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. கீழே மூன்று தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மாடியில் பேசுவதில் ஒரு சொல்கூடக் கீழே விழவில்லை. பெஞ்சில் தைத்த துணியை வாங்க வந்த ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, நகர்ந்து இடம் விட்டார்.

"வெளியூருங்களா?"

"ஆமாங்க."

"மேல போச்சே ஒரு பொண்ணு, ஒங்க சொந்தமா? என்ன விசயமா வந்திருக்கு?"

நடு மிஷினில் இருந்த தையல்காரப் பெண் காலை எடுத்தார். மிஷின் நின்றது. அவர் என்னையே பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "நான் பிளவுஸ் தைக்கக் குடுக்க வந்தேன்."

அந்தப் பெண்மணி நம்பினாரா தெரியவில்லை. தையல்காரப் பெண் எழுந்து, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கையத் தூக்குங்க" என்றார்.